செயற்கை நுண்ணறிவுக்குப் பாடநூலாகும் 'பாக்-மேன்'

செயற்கை நுண்ணறிவை முதன்முறையாகக் கற்க வரும் பட்டப்படிப்பு மாணவருக்கு எதிலிருந்து தொடங்குவது? அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இதற்குத் தெரிவு செய்த கருவி, ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-ல் வெளியிட்ட 'பாக்-மேன்' என்ற விளையாட்டு.

பெர்க்லியில் ஜான் டெனீரோவும் டான் க்ளைனும் உருவாக்கிய இந்தப் பயிற்சிகள் பற்றிய அவர்களது ஆய்வுக் கட்டுரை 2010-ல் வெளியானது. வேறு பல பல்கலைக்கழகங்களும் இவற்றைப் பின்னர் ஏற்றுக்கொண்டன. மாணவர் இதில் விளையாடுவதில்லை. பாக்-மேனை இயக்கும் நிரலை எழுதுகிறார்.

முதலில், உணவு இருக்கும் இடத்துக்குக் குறுகிய வழியைத் தேட வேண்டும். 1968-ல் வெளியான 'ஏ-ஸ்டார்' தேடல் முறை இங்கு அறிமுகமாகிறது. அடுத்து, துரத்தும் பேய்கள் வருகின்றன. எதிரி எப்போதும் தனக்கு மிகப் பாதகமான நகர்வையே செய்வார் எனக் கொண்டு கணக்கிடும் 'மினிமாக்ஸ்' முறை அப்போது தேவைப்படுகிறது.

இப்பயிற்சிகளில் மிகச் சுவையான கட்டம் இதுதான். இரு பேய்களுக்கு இடையே சிக்கிய பாக்-மேன், தப்ப முயலாமல் அருகிலுள்ள பேயை நோக்கி விரைந்து சென்று மடிகிறது. நிரலில் பிழை என்றே மாணவர் முதலில் எண்ணக்கூடும். ஆனால் கணக்கு சரியானது. ஒவ்வொரு நகர்வுக்கும் மதிப்பெண் குறைவதால், சாவு உறுதியென்றால் விரைவாகச் சாவதே இலாபம். தவறு, பேய்களைப் பற்றிய அனுமானத்தில் இருக்கிறது. உண்மையில் அவை திட்டமின்றி மனம்போன போக்கில் நகர்பவை. வாய்ப்புகளின் சராசரியைக் கணக்கிடும் 'எக்ஸ்பெக்டிமாக்ஸ்' முறைக்கு மாறினால், அதே இக்கட்டிலிருந்து ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் பாக்-மேன் வென்று வெளியேறுகிறது.

பின்னர் வரும் பயிற்சிகளில், எந்த நகர்வு என்ன பலன் தரும் என்பது முன்கூட்டியே தெரியாது. அனுபவத்தின் மூலம் கற்க வேண்டும். பேய்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டமும் உண்டு. துல்லியமற்ற தூர அளவீடுகளை வைத்து அவற்றின் இருப்பிடத்தை நிகழ்தகவால் ஊகிக்க வேண்டும்.

விடைகளை வெளியிட வேண்டாம் என்று இப்பயிற்சிகளை உருவாக்கியோர் கேட்டுக்கொள்கின்றனர். 2022-ல் சாட்ஜிபிடி வந்தபின் அந்த வேண்டுகோளின் வலு வெகுவாகக் குறைந்துவிட்டது. இத்தகைய நிரல்களை நொடிகளில் எழுதித்தரும் மென்பொருட்கள் இன்று மாணவரின் கையில் உள்ளன. ஆனால் எந்த அனுமானம் எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கும் திறனை, எழுதி வாங்கிய நிரல் மாணவருக்குத் தருவதில்லை. பெர்க்லியின் இப்பாடத்தில் நிரலாக்கப் பயிற்சிகளுடன் எழுத்துத் தேர்வும் இருக்கிறது.