பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்

கட்டுரை ஏடு திருத்துகிற வேலைக்கென்று ஒரு வரலாறு உண்டு. அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, மேசை மேல் அடுக்கடுக்காக ஏடுகளை வைத்துக்கொண்டு சிவப்பு மையில் ஒற்றுப்பிழையும் றகர ரகரப் பிழையும் சுழித்தவன் நான். அந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் அன்றாடம் பேசியதெல்லாம் வேறொரு நாட்டில் நூறு வருடத்துக்கு முன்பே பேசப்பட்டிருப்பதைக் கண்டேன். பாடம் நடத்துகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874இல் நுழைவுத் தேர்வில் ஒரு சிறு கட்டுரை எழுதச் சொன்னது. ஷேக்ஸ்பியர், கோல்ட்ஸ்மித், வால்டர் ஸ்காட் என்று சில நூல்களைக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து தலைப்புக் கொடுத்தார்கள். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, இலக்கணம், நடை நான்கையும் பார்ப்போம் என்றார்கள். நல்ல பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தான் எழுதினார்கள். ஆனாலும் திருத்தியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வை நடத்திய பேராசிரியர் ஆடம்ஸ் ஷெர்மன் ஹில், பள்ளிகள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத்தரவில்லை என்று ஓயாமல் எழுதினார். 1885இல் முதலாண்டு மாணவர் எல்லாருக்கும் கட்டுரைப் பாடம் கட்டாயமானது. அங்கே பிறந்த வழக்கம் நாடு முழுக்கப் பரவியது: தலைப்புக் கொடு, எழுதி வாங்கு, பிழையைச் சுழி, மதிப்பெண் போடு, அடுத்த தலைப்பைக் கொடு.

இந்தச் சுமை ஆசிரியர்களை என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1911இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் அவர்களுடைய இதழ் வெளிவந்தது. முதல் இதழின் முதல் கட்டுரையை எழுதியவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ். இப்போதிருக்கும் நிலைமையில் கட்டுரை எழுதுவதைச் சரியாகக் கற்றுத்தர முடியுமா என்பதுதான் தலைப்பே. முடியாது என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறார். ஒரு ஆசிரியருக்கு இத்தனை மாணவர், ஒரு மாணவருக்கு இத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்தவர் அவர். படித்தபோது எனக்கு எங்கள் பள்ளி நினைவுதான் வந்தது. ஐந்து பிரிவு எடுக்கிற தமிழாசிரியர் வாரம் ஒரு கட்டுரை திருத்தினால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது?

சரி, இவ்வளவு உழைப்பால் பிள்ளைகள் நன்றாக எழுதினார்களா? 1963இல் ரிச்சர்ட் பிராடக், ரிச்சர்ட் லாயிட்-ஜோன்ஸ், லோவல் ஷோயர் மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து ஒரு அறிக்கை தந்தார்கள். இலக்கண விதிகளைத் தனியே நடத்துவதால் எழுத்து தேறுவதில்லை, எழுதும் நேரத்தை அது பறிப்பதால் கெடுதலும் உண்டு என்பது அவர்கள் முடிவு. என்னை நிறுத்தியது அதைவிட வேறொரு குறை. மனிதன் எழுதும்போது உண்மையில் என்ன செய்கிறான் என்பதை யாரும் கூர்ந்து பார்த்ததில்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் எழுதி முடித்த தாளையே திருத்திக்கொண்டிருந்தார்கள். எழுதுகிற கையைப் பார்க்கவில்லை.

பார்க்கத் துணிந்தவர் ஜேனட் எமிக். சிகாகோ வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த எட்டுப் பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொன்னார். டேப் ரெக்கார்டர் ஓடியது. 1971இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. எட்டே பேர்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது. பள்ளிக்காக எழுதும்போது அந்தப் பிள்ளைகள் யோசிக்காமல் தொடங்கி, நிற்காமல் ஓடி, திரும்பிப் பார்க்காமல் முடித்தார்கள். தமக்காக எழுதும்போது நின்றார்கள், யோசித்தார்கள், அடித்து எழுதினார்கள். சட்டகம் போட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும் என்று பாடநூல்கள் சொன்னதை அநேகமாக யாரும் செய்யவில்லை. எமிக் ஆசிரியர்களையும் விடவில்லை. கட்டுரை கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் தாங்கள் எழுதுவதே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அதே காலத்தில் நியூயார்க்கில் வேறொன்று நடந்தது. 1969இல் கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் போராடியதன் விளைவாக, 1970 முதல் நகரத்தில் பள்ளி இறுதி முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உண்டு என்றாயிற்று. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களின் தாள்களைப் பார்த்த பல பேராசிரியர்கள், இவர்களுக்குக் கல்லூரி எதற்கு என்றார்கள். சிட்டி காலேஜில் மைனா ஷாக்னெஸி அப்படிச் சொல்லவில்லை. 1970 முதல் 1974 வரை எழுதப்பட்ட சுமார் 4000 தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையும் ஏன் வந்தது என்று கேட்டார். பிழைகள் கண்டபடி வருவதில்லை, எழுதியவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தால் கற்றுத்தரலாம் என்று 1977இல் நூலாக எழுதினார். மறு ஆண்டே புற்றுநோயில் இறந்துபோனார். இந்தத் துறையில் நான் வணங்குகிற ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

அடுத்து வந்தவர் சோன்ட்ரா பெர்ல். அதே நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் ஹோஸ்டோஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேரை எமிக்கைப் போலவே பேசிக்கொண்டே எழுத வைத்தார். 1979இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் டோனி என்று பெயரிட்ட ஓர் இளைஞரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். டோனி தான் எழுதியதை உரக்கப் படிக்கும்போது தாளில் இல்லாத சொற்களும் வாயில் வந்தன. தாளில் பிழையாக இருந்தது வாயில் சரியாக வந்தது. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் படித்தார், எழுதியதை அல்ல. ஐந்து பேரும் பிழைக்குப் பயந்து நாலு சொல்லுக்கு ஒருமுறை நின்று திருத்தினார்கள். அதிலேயே யோசனை அறுந்தது.

இதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருந்தான்: "மழை பெய்தால் ஏரிக்கு தண்ணீர் வரும் ஆனால் மதகு உடைந்து விட்ட நிக்காது." படிடா என்றேன். "ஏரிக்குத் தண்ணீர் வரும், ஆனால் மதகு உடைந்து விட்டதால் தண்ணி நிக்காது" என்று தங்குதடையின்றிப் படித்தான். விட்டுப்போன சொல்லை வாய் போட்டுக்கொண்டது. ஒற்றும் தானாக வந்தது. ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்துப் படி என்றதும் "விட்ட" என்ற இடத்தில் நின்றான். "ஐயா, 'தால்' விட்டுட்டேன்" என்றான். ஏரிக்குப் பக்கத்தில் த் போட வேண்டும் என்பதைத் தன் வாய் சொன்னதைக் கேட்டே கண்டுபிடித்தான். "நிக்காது" மட்டும் அப்படியே நின்றது. அவன் வீட்டிலும் தெருவிலும் அப்படித்தான் பேசுகிறார்கள், எத்தனை முறை படித்தாலும் அவன் காதுக்கு அது பிழையாகப் படாது. "நிற்காது" என்று நான்தான் சொல்லித்தர வேண்டும். ஒரே வரியில் மூன்று வகைப் பிழை, மூன்றுக்கும் மூன்று காரணம். சிவப்பு மைக்கு மூன்றும் ஒரே சுழிதான்.

1980இல் நான்சி சாமர்ஸ் இன்னொரு கேள்வி கேட்டார்: எழுதியதை மாணவரும் தேர்ந்தவரும் எப்படித் திருத்துகிறார்கள்? முதலாண்டு மாணவர் இருபது பேர், தேர்ந்த எழுத்தாளர் இருபது பேர். பின்னவர்களில் பத்திரிகையாளர், பதிப்பாசிரியர், பேராசிரியர் எல்லாம் உண்டு. ஆளுக்கு மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருப்பி எழுதினார்கள். மாணவர்களுக்குத் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது. ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றை அடித்துவிட்டு வேறு போடுவது. தேர்ந்தவர்களோ, நான் சொல்ல வந்தது இதுதானா, படிப்பவர் இதை ஏற்பாரா என்று கேட்டுப் பத்திகளையே தூக்கி இடம் மாற்றினார்கள். முதல் வரைவில்தான் அவர்களுக்குச் சொல்ல வந்ததே பிடிபட்டது. பிட்ஸ்பர்க்கில் லிண்டா ஃப்ளவரும் உளவியலாளர் ஜான் ஹேய்ஸும் 1981இல் இதையெல்லாம் ஒரு கோட்பாடாகத் தொகுத்தார்கள். திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது மூன்றும் வரிசையாக வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புறப்படும் என்றார்கள்.

இந்தப் போக்குக்கு எதிர்ப்பும் வந்தது. லிசா டெல்பிட் என்ற கறுப்பினக் கல்வியாளர் 1986இல் எழுதிய கட்டுரையை நான் முக்கியமாக நினைக்கிறேன். தாராளமாக எழுதட்டும், பிழையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டால், வீட்டில் பள்ளி எதிர்பார்க்கும் மொழி புழங்காத பிள்ளைக்கு அதை யார் தருவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் மாணவனின் "நிக்காது" அந்தக் கேள்விதான். ஷாக்னெஸியும் டெல்பிட்டும் ஒருவரையொருவர் மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை தானே கண்டுபிடிக்கக்கூடியது எது, நாம் தந்தே ஆக வேண்டியது எது என்று பிரித்தறிய இருவருமே தேவை.

நம் பள்ளிகளில் இன்னும் கட்டுரையை ஒரே முறைதான் எழுத வைக்கிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் தருகிறோம், ஏட்டை வாங்குகிறோம், சுழிக்கிறோம், கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருகிறோம். பிழைத்திருத்தம் என்று ஏட்டின் கடைசியில் அந்தச் சொல்லை ஐந்து முறை எழுதுவதோடு சரி. பிள்ளை தன் கட்டுரைக்குத் திரும்பிப் போவதே இல்லை.

தமிழாசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. பருவத்துக்கு ஒரு கட்டுரையையாவது இரண்டு முறை எழுத வையுங்கள். முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம். அவரவர் கட்டுரையை அவரவர் விரல் வைத்து உரக்கப் படிக்க ஒரு பாடவேளை கொடுங்கள், கையில் பென்சில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் தாளில் மிஞ்சுகிற பிழையைத் திருத்துங்கள். ஏடு திருத்தும் நேரம் நிச்சயம் குறையும்.