ஃபுலாஸ்ஸோ (கிரேக்க வினைச்சொல்)

ஃபுலாஸ்ஸோ என்பது காத்தல், காவல் புரிதல் எனப் பொருள்படும் பண்டைய கிரேக்க வினைச்சொல் ஆகும். ஏதென்ஸ் நகரின் அத்திக் வழக்கில் இது ஃபுலாட்டோ என ஒலித்தது. காவலரைக் குறிக்கும் ஃபுலாக்ஸ், காவலைக் குறிக்கும் ஃபுலகே ஆகிய பெயர்ச்சொற்கள் இதன் இனச்சொற்கள்.

வடிவங்கள்

இச்சொல்லின் அடி ‘ஃபுலாக்’. இறுதியிலுள்ள ககர ஒலி, பின்வரும் ஒலிக்கேற்பத் திரிகிறது. தன்மை ஒருமை வடிவங்கள்:

- நிகழ்காலம்: ஃபுலாஸ்ஸோ (காக்கிறேன்)
- எதிர்காலம்: ஃபுலாக்ஸோ (காப்பேன்)
- இறந்தகாலம்: எஃபுலாக்ஸா (காத்தேன்)
- முற்றுநிலை: பெஃபுலாக்கா (காத்திருக்கிறேன், அதாவது காத்து முடித்த நிலை)
- செயப்பாட்டு இறந்தகாலம்: எஃபுலாக்தேன் (காக்கப்பட்டேன்)

இறந்தகாலத்தில் சொல்லின் முன் ‘எ’ சேர்கிறது; முற்றுநிலையில் முதலெழுத்து இரட்டித்துப் ‘பெ’ என வருகிறது.

பொருள்

செய்வினையில் இச்சொல் பிறரையோ பொருளையோ காப்பதைக் குறிக்கும். சட்டத்தையும் வாக்குறுதியையும் கடைப்பிடிப்பதற்கும் இதுவே சொல். ஃபுலாஸ்ஸொமாய் என்னும் நடுவினை வடிவில், ஒன்றிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளுதல், எச்சரிக்கையாயிருத்தல் என்ற பொருள் தருகிறது.

ஃபுலகே என்ற பெயர்ச்சொல் இரவின் சாமத்தையும் சிறையையும் குறித்தது. மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், யோவான் அடைக்கப்பட்ட சிறைக்கும் இரவின் நான்காம் சாமத்திற்கும் இச்சொல்லே வருகிறது. இன்றைய கிரேக்க மொழியில் இதன் முதன்மைப் பொருள் சிறை என்பதே.

சிந்தனை வரலாற்றில்

பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் நகரைக் காக்கும் வகுப்பினருக்கு ஃபுலாக்கெஸ், அதாவது காவலர் எனப் பெயரிட்டார். காவலருக்கே ஒரு காவலர் தேவைப்படுவது நகைப்புக்குரியது என்ற கருத்து அதில் இடம்பெறுகிறது. ஆனால் அதே நூலின் முதற்பகுதியில், பணத்தைக் காப்பதில் வல்லவன் அதைத் திருடுவதிலும் வல்லவனாவான் என்னும் முடிவுக்கு சாக்ரடீசின் வாதம் செல்கிறது. காக்கும் அதிகாரம் பெற்றவரை எவ்வளவு நம்பலாம் என்ற அரசியல் கேள்வி இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கிறது.

மருத்துவத்தில்

நோய்த்தடுப்பைக் குறிக்கும் ‘புரோஃபிலாக்சிஸ்’ இவ்வேரிலிருந்து வந்தது. 1902இல் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே ஆகியோர், காக்க வேண்டிய உடலின் எதிர்வினையே உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு ‘அனாஃபிலாக்சிஸ்’ எனப் பெயரிட்டனர். இவ்வாய்வுக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.