அண்ணன் மகன் அரியணையில்: 1970 செப்டம்பர் குறித்து ஒரு மறுவாசிப்பு

1970 செப்டம்பர் 21 அன்று கெடா சுல்தான் அப்துல் ஹலிம் மலேசியாவின் ஐந்தாவது மாமன்னரானார். மறுநாள் துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். அண்ணன் மகன் அரியணையில் இருக்கும்போது சித்தப்பா அவருக்குக் கீழ்ப் பிரதமராக இருப்பது முறையன்று என்பது துங்கு சொன்ன காரணம். ஆய்வுலகின் ஒரு பெரும் பகுதி இதை நம்புவதில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப்பின் கட்சிக்குள் எழுந்த நெருக்கடியால் துங்கு வெளியேற்றப்பட்டார், உறவுமுறைப் பேச்சு அதை மறைக்கப் போட்ட திரை என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் பாதி சரி. மறுபாதி ஒரு சான்றைத் தவறாக வாசித்ததால் வந்தது என்பதே என் கருத்து.

நெருக்கடி இருந்ததை மறுக்க இடமில்லை. 1969 ஜூன் 17 தேதியிட்டு, பதவி விலகச் சொல்லி மகாதீர் துங்குவுக்கு எழுதிய கடிதம் பகிரங்கமாகவே பரவியது. கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில் தோற்றிருந்த அவர், அடுத்த மாதம் கட்சியின் உச்சமன்றத்திலிருந்தும், செப்டம்பரில் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். (மாமன்னர், பிரதமர், பிரதமரை விலகச் சொன்னவர் ஆகிய மூவரும் அலோர் ஸ்டாரில் பிறந்தவர்கள் என்பது தேசிய வரலாறுகளில் ஏனோ அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.) தேசிய நடவடிக்கை மன்றத்தின் இயக்குநராக உண்மையான அதிகாரம் துன் அப்துல் ரசாக்கின் கையில் இருந்தது. துங்கு ஏன் விலகினார் என்ற கேள்விக்கு இவை போதிய விடை. ஆனால் ஏன் அந்தத் தேதியில், அந்த அரியணையின் முன் விலகினார் என்ற கேள்விக்கு இவை விடையாகா.

துங்குவின் கூற்றை அதன் சொந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அப்துல் ஹலிம் 1965 முதல் துணை மாமன்னர். ஆட்சியாளர் மாநாட்டின் சுழற்சி வரிசையும் எல்லோரும் அறிந்ததே. அண்ணன் மகனின் முறை வருகிறது என்பதை ஐந்தாண்டுகளாகத் தெரிந்திருந்தவர் அதைத் தடையாகக் கருதியிருந்தால், 1969 பொதுத்தேர்தலில் கட்சியைத் தலைமையேற்று நடத்தியிருக்க வேண்டியதில்லை. விலகப்போவதை 1970 ஆகஸ்ட் இறுதியிலேயே அறிவித்த பிறகும் முந்தைய மாமன்னரான திரங்கானு சுல்தானிடம் அவர் விலகல் கடிதத்தைக் கொடுக்கவில்லை. முறையன்று என்று அவரே சொன்ன அந்த நிலையில் ஒரு நாள் இருந்து காட்டிவிட்டு விலகினார். வெறும் திரைக்கு இவ்வளவு துல்லியம் தேவையா? அண்ணன் மகனிடம் பதவியை ஒப்படைப்பதையே அவர் தேர்ந்துகொண்டார் என்று கொள்வதே எனக்குப் பொருந்துகிறது. உறவுமுறை அவரை விலகச் செய்யவில்லை. எப்படி விலகுவது என்பதற்கு அது வடிவம் தந்தது.

மாமன்னர் பதவி சடங்குக்குரியது, யார் அமர்ந்தாலும் ஒன்றுதான் என்ற மறுப்பு இங்கே செல்லாது. பிரதமரை நியமிப்பது அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவு மாமன்னரின் விருப்புரிமைக்கு விட்டவற்றுள் ஒன்று. அப்போது நாடாளுமன்றமும் கூடவில்லை; அது மீண்டும் கூடியது 1971 பிப்ரவரியில்தான். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு வழியில்லாத அந்த மாதங்களில், துங்குவுக்கு அடுத்துப் பிரதமரான ரசாக்கின் பதவிக்குச் சட்ட மதிப்பைத் தரக்கூடிய இடம் அரியணை ஒன்றே.

துங்கு இப்படி நடந்துகொண்டது முதல்முறையன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கிவந்தபோது அவர் கூலிம் மாவட்ட அதிகாரி. முதிய தந்தை சுல்தான் அப்துல் ஹமிட்டைப் பினாங்குக்குக் கொண்டுபோக ஆட்சிப் பொறுப்பாளர் துங்கு பட்லிஷா முடிவு செய்திருந்தார். துங்கு வழியில் குறுக்கிட்டுத் தந்தையைக் கூலிமுக்கும், பிறகு சிடிம் பகுதிக்கும் அழைத்துப்போனார். பட்லிஷா அவருக்கு அண்ணன். அப்துல் ஹலிமின் தந்தை. மக்களை விட்டு மன்னர் வெளியேறலாகாது என்பது இறைமை பற்றிய ஓர் அரசியல் முடிவு. ஆனாலும் பிற்காலத்தில் துங்கு இதை ஒரு மகன் தந்தைக்குச் செய்த காரியம்போலவே சொல்லிவந்தார். அவர் நினைவுக் குறிப்புகளில் கதைச்சுவைக்காக இழுத்து நீட்டிய இடங்கள் உண்டு என்பதால் நான் அவற்றை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறேன். எனினும் முப்பதாண்டு இடைவெளியில் இரண்டு நிகழ்வுகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. குடும்பப் பேச்சின் மூலம்தான் துங்கு அரசியல் பேசினார். அதைத் திரை என்று சொல்லி விலக்கினால், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது கையை விட்டுப் போகிறது.

கெடாத் தமிழருக்கு இந்த வாசிப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். குடும்பம் என்று ஒன்றை வரைந்தால் அதற்கு வெளியே யார் என்ற கேள்வி தானாக எழும். துங்கு மாவட்ட அதிகாரியாக இருந்த கூலிமும் சுங்கை பட்டாணியும் ரப்பர்த் தோட்ட மாவட்டங்கள். தோட்டத் துண்டாடலுக்கு எதிராக துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1961-இல் வாங்கிய முதல் தோட்டம் புக்கிட் சிடிம், அதுவும் கெடாவில். ஆனால் அதே துங்கு அரசு இயற்றிய 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பால்மரத் தொழிலாளி தான் உழைத்த மரத்தை வெட்டவே பெர்மிட் கேட்க வேண்டியதாயிற்று. கிடைக்காதவர்களில் பலர் பினாங்கில் கப்பலேறினர். சித்தப்பாவும் அண்ணன் மகனும் அவ்வளவு நயமாக ஆட்சி மாற்றத்தை நடத்திய அதே காலம் அது. பெர்மிட் சிக்கலை நிர்வாகக் கடுமையாகவும் செப்டம்பர் 22-ஐ மேல்மட்ட அரசியலாகவும் தனித்தனியே எழுதும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று.

அப்துல் ஹலிமின் முதல் ஆட்சிக்காலம் அமைதியாகக் கழிந்தது என்ற வாழ்க்கைக் குறிப்பு மரபும் இதே பார்வைக் குறையின் விளைவு. 1974 நவம்பரில், அவர் மாமன்னராக இருக்கும்போதே, அவருடைய சொந்த மாநிலமான கெடாவின் பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ச்சியால் சிறுதோட்டக்காரர்கள் திரண்டெழுந்தனர். டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காக இறங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். அரசியலமைப்பின்படி மாமன்னர் அக்காலத்தில் தம் மாநில ஆட்சியாளருக்குரிய பணிகளைச் செய்ய இயலாது என்பது அவர் மௌனத்துக்குச் சட்ட விளக்கம் ஆகும். அந்த ஐந்தாண்டு அமைதியானது என்பதற்குச் சான்று ஆகாது.

அரியணை தனியே இருந்ததன் பொருளை ஓர் ஒப்பீடு காட்டும். 1957 மார்ச்சில் விடுதலை பெற்ற கானா மூன்றே ஆண்டில் அரசுத் தலைமையையும் ஆட்சித் தலைமையையும் என்குருமா என்ற ஒருவரிடம் சேர்த்தது. 1966-இல் படையினர் அவரை அகற்றியபோது பதவியைக் கையளிக்க அவருக்கு மேல் யாரும் இல்லை. 1957 ஆகஸ்டில் விடுதலை பெற்ற மலாயா இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவு 1970-இல் என்ன வேலை செய்தது என்பதை, துங்குவின் கூற்றைப் புறந்தள்ளாமல் வாசித்தால்தான் காண முடியும். கெடாத் தோட்ட வரலாற்றை எழுதுவோர் 1969–1970 பெர்மிட் பதிவுகளையும் செப்டம்பர் 22-இன் ஆவணங்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும்.