கடல் கடந்து வந்த ட்யூப் ஆம்ப்... ஸ்விட்ச் போடும் முன் பயாஸ் செக் பண்ணிட்டீங்களா?

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வாங்கணும்னு வருஷக்கணக்கா ஆசை. அமெரிக்காவில் யாரோ விற்றதை வாங்கி, பெட்டியும் ஒருவழியாக வாசலுக்கு வந்தாச்சு. கிட்டாரைச் செருகி ஒரு கார்டு அடிச்சுப் பார்க்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க பாஸ், முதல் நாள் பிளக்கைத் தொடவே வேண்டாம்.

குளிரான சரக்கறையிலிருந்து நம்ம ஊர் ஈரக் காற்றுக்கு வரும் இரும்பிலும் கண்ணாடியிலும் நீர் கோத்துக்கும். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் கருவிக்குள் அந்த ஈரம் ஆகாது. பெட்டியைப் பிரித்து ஃபேன் காத்துல விட்டுடுங்க.

மறுநாள் பின்பக்கம் டார்ச் அடிங்க. இந்த மாடலில் ட்யூப்கள் தலைகீழாகத் தொங்கும். அவ்வளவு தூரம் குலுங்கி வந்ததில் சாக்கெட்டிலிருந்து நழுவியிருக்கலாம். மெதுவாக அழுத்தி உட்கார வைங்க. கண்ணாடிக்குள் வெள்ளிப்பூச்சு மாதிரி ஒரு படலம் தெரியும். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துடுச்சு, ட்யூப் காலி. ஸ்பீக்கர் வயரையும் பாருங்க. அது கழன்ற நிலையில் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போகலாம்.

அடுத்து கரன்ட். அமெரிக்க மாடலுக்கு 120 வோல்ட், நம்ம வீட்டில் 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். குறைந்தது 300 வாட்ஸ் தாங்குவதாகவும், முக்கியமா எர்த் இணைப்பு உள்ளதாகவும் வாங்குங்க. கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடுதான் சேர்ந்திருக்கு. எர்த் இல்லாத மலிவு டப்பாவில் ஏதாவது லீக் ஆனால் ஷாக் உங்க விரலுக்குத்தான். இன்னொன்று, வோல்ட்டேஜ் இறங்கினாலும் 50 ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும். முதல் சில நாள் தொட்டுப் பார்த்துக்கோங்க, ஆம்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

இப்போ பயாஸ். தண்ணிக் குழாயின் திருகு மாதிரி நினைச்சுக்கோங்க. நீங்க வாசிக்காதபோதும் பவர் ட்யூபில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கிட்டே இருக்கும். எவ்வளவு ஓடணும்னு தீர்மானிப்பது, கிரிட்டுக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ். குறைவாக ஓடினால் சத்தம் மெலிந்து கரகரக்கும். அதிகமாக ஓடினால் ட்யூபின் ஆயுள் போகும்.

குலுங்கினதால பயாஸ் மாறிடுமா? பெரும்பாலும் மாறாது. மாறுவது ட்யூபும் வோல்ட்டேஜும்தான். அங்கே 120 வோல்ட்டில் வைத்த பயாஸ், இங்கே ராத்திரி லைன் 250-க்கு ஏறி ஸ்டெப்-டவுன் 125 கொடுத்தால் அதே பயாஸ் இல்லை. அனுப்பியவர் ட்யூபைத் தனியாகப் பொதிந்து, இடம் மாற்றிச் செருகியிருந்தாலும் அளக்கணும்.

அளக்க 'பயாஸ் ப்ரோப்' போதும். ட்யூபுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் அடாப்டர் அது, சேஸியைத் திறக்க வேண்டாம். வால்யூம் ஜீரோவில் வைத்து, ஸ்டாண்ட்பையில் ஒரு நிமிஷம் சூடேற்றிவிட்டு ஆன் பண்ணுங்க. ஆரஞ்சு வெளிச்சம் நார்மல். கண்ணாடியில் நீல மினுமினுப்பும் நார்மல். உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால் மட்டும் உடனே ஆஃப்!

பத்து நிமிஷம் கழித்து அளவை எடுங்க. கணக்கு சிம்பிள். டீலக்ஸில் இருப்பது 6வி6 ட்யூப் ரெண்டு. ஒவ்வொன்றும் தாங்குவது 12 வாட்ஸ். ஓய்வில் அதில் 70 சதவிகிதம்தான் உச்சம், அதாவது 8.4 வாட்ஸ். பிளேட் வோல்ட்டேஜ் 420 என்று வந்தால், 8.4-ஐ 420-ஆல் வகுங்க. 20 மில்லி ஆம்ப். 17, 18 வந்தாலும் நல்லாவே இருக்கும். சிலர் 20-ஐத் தொட்டே ஆகணும்னு மல்லுக்கட்டுவாங்க, தேவையில்லை, காது சொல்வதைக் கேளுங்க. 28 வந்தால் ட்யூபின் முழுத் தாங்குதிறனையே தொட்டுட்டீங்க. ரெண்டு ட்யூபுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால் இடம் மாற்றிச் செருகி மறுபடி அளங்க. வித்தியாசம் ட்யூபோடு நகர்ந்தால் ட்யூபில் கோளாறு, அதே சாக்கெட்டில் நின்றால் ஆம்பில் கோளாறு.

வாக்ஸ் ஏசி30 வைத்திருப்பவங்களுக்கு இந்தத் திருகு வேலையே கிடையாது, அது கேத்தோட் பயாஸ். தானே சமாளிச்சுக்கும்.

பயாஸைத் திருக உங்க டீலக்ஸில் சேஸியைக் கழற்ற வேண்டியிருந்தால், அங்கே உங்க வேலை முடிஞ்சது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் தேங்கி நிற்கலாம். அதை வடித்து, மீட்டர் வைத்து உறுதி செய்யத் தெரிந்த டெக்னீஷியன் பார்த்துக்கட்டும். அவரிடம் 'சவுண்டு சரியில்லண்ணே'ன்னு நிற்காம, ஸ்டெப்-டவுனில் வந்த வோல்ட்டேஜ், பிளேட் வோல்ட்டேஜ், ரெண்டு ட்யூபின் மில்லி ஆம்ப் என நாலு எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்க.