பள்ளிக்கு வராத நாட்கள்: சாதியச் சூழலும் மாணவர் மனநலமும்

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவரை, அவரது பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். அந்த இரவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நாம் கவனிக்க வேண்டியவை அதற்கு முந்தைய நாட்கள். சாதிய இழிவுபடுத்தலைத் தாங்க இயலாமல் அவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார். பள்ளி காரணம் கேட்டது, கூறினார், கூறியதற்காகவே வெட்டப்பட்டார்.

வருகைப் பதிவேட்டில் அத்தகைய நாட்கள் 'வரவில்லை' என்று மட்டுமே பதிவாகும். தொடர்ந்தால் அதன் பெயர் 'இடைநிற்றல்'. மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் சாதியைப் பறைசாற்றும் வகுப்பறையில், அடுத்த ஏச்சு எப்போது வரும் என்று காத்திருக்கும் மனம் பாடத்தில் எவ்வாறு நிலைக்கும்? உறக்கமின்மை, கவனக்குலைவு, தன்மதிப்பு இழத்தல் ஆகியவற்றை மாணவரின் பலவீனமாகக் கொண்டால், ஓர் ஆலோசனை அமர்வோடு பொறுப்பு முடிந்துவிடும். நிர்வாகங்களுக்கு அதுவே வசதி.

சட்டத்திலும் இடைவெளி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, இழிவுபடுத்தும் நோக்கிலான அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நிகழ வேண்டும். நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் எவருமின்றிப் பேசப்பட்டது இதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. கல்வி நிறுவனத்தில் நுழைவதைத் தடுப்பது 2015 திருத்தத்தின்படி குற்றம். ஆனால் வாயிலில் எவரும் மறிக்காமலே, அச்சத்தால் வீட்டிலேயே நின்றுவிடும் மாணவருக்கு இப்பிரிவை எவ்வாறு பொருத்துவது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை உரிமையாக்குகிறது. நோய்க்கு மருந்து கிடைக்கலாம். நோய் தந்த வகுப்பறை அப்படியே இருக்கும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடையும், கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டமும் பரிந்துரைத்தது. மாணவரைத் திருத்துவதைவிடச் சூழலைத் திருத்த முனைவதே அதன் சிறப்பு என்று கருதுகிறோம்.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. புகார் எழுதும்போது உடற்காயத்தோடு நிறுத்திவிடுகிறோம். மாணவர் பள்ளிக்குச் செல்லாத நாட்கள், யார் என்ன கூறினர், அப்போது உடனிருந்தோர் யார், பள்ளியிடம் எந்த நாளில் முறையிடப்பட்டது, மனநல மருத்துவர் பதிந்த குறிப்பு ஆகிய அனைத்தும் முதல் புகாரிலேயே இடம்பெற வேண்டும். பிற்பாடு சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதைப் புனைவு என்பார்.