ரோமாபுரி ரசீது: கொற்கை முத்து பற்றி ஒரு கேள்வி

ரோமாபுரியைப் பற்றித் தூத்துக்குடியில் யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் முத்தில்தான் வந்து நிற்கும். தமிழன் முத்தை அள்ளிக் கொடுத்தான், ரோமானியன் பொன்னைக் கொட்டிக் கொடுத்தான், ரோமாபுரிக் கஜானா காலியாகிப் போனது, பிளினி என்ற அறிஞன் அழுதே விட்டான் என்று அது போகும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நானும் இதைப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். எம்.ஏ. தமிழ்த் தேர்வில் பண்டைத் தமிழர் வணிகம் என்ற கேள்விக்கு இதையே ஐந்து பக்கம் எழுதினேன். அப்போது பிளினியை ஒரு வரி படித்ததில்லை. அவன் அழுதான் என்ற செய்தியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு மொழிபெயர்ப்பு வழியாகத்தான் படித்தேன். பிளினி கி.பி. 77 வாக்கில் முடித்த 'இயற்கை வரலாறு' 37 பகுதிகள் கொண்டது. நாம் மேடையில் சொல்லும் 10 கோடி செஸ்டர்ஸ் கணக்கு அதில் இருக்கிறதுதான். ஆனால் அது இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து ஓராண்டில் உறிஞ்சிய தொகையாகத் தரப்படுகிறது. இந்தியாவுக்கு மட்டும் என்று வேறோரிடத்தில் அவர் சொல்வது 5 கோடி. போகட்டும், அதுவும் பெரிய தொகைதான். முத்துகளில் எது மேலானது என்று வரும்போது அவர் பாரசீக வளைகுடாவில், அரேபியக் கரையோரம் கிடைக்கும் முத்தைத்தான் மெச்சுகிறார். முத்து பற்றிய அந்தப் பகுதியில் இலங்கை வருகிறது, கொற்கை வரவில்லை.

அவருடைய புலம்பலின் தன்மையும் கவனத்திற்குரியது. அதை நாம் ஒரு நிதியமைச்சரின் அறிக்கை மாதிரி வாசிக்கிறோம். அவரோ தன் காலத்து ஆடம்பரத்தையும் பெண்களின் நகை ஆசையையும் ஏசிக்கொண்டிருக்கும் பழைய ஒழுக்கவாதி. ரோமானிய அரசின் கை அப்படியொன்றும் காய்ந்து போய்விடவில்லை. வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு 1985இல் பதிப்பிக்கப்பட்டது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒன்றும், 'ஹெர்மாப்போலோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் அதில் இருக்கின்றன. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். இந்தச் சரக்குகளுக்கு ரோமானிய அரசு வாங்கிய வரி நான்கில் ஒரு பங்கு. பிளினி அழுதுகொண்டிருந்த காலத்தில் சுங்கச்சாவடி சிரித்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளினியின் பிரதியில் என்னை நிறுத்திய இடம் இந்தக் கணக்கு அல்ல. லோலியா பவுலினா என்ற பெண்ணை அவர் ஒரு விருந்தில் பார்க்கிறார். பேரரசன் காலிகுலாவுக்கு மனைவியாக இருந்தவள். தலை, காது, கழுத்து, விரல் எங்கும் முத்தும் மரகதமும். மொத்த மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். யாராவது நம்பாவிட்டால் காட்டுவதற்கு அத்தனைக்கும் ரசீது வைத்திருந்தாளாம். இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று பிளினியே தோண்டுகிறார். அவளுடைய தாத்தா மார்க்கஸ் லோலியஸ் கிழக்கு நாடுகளில் அதிகாரியாக இருந்து மன்னர்களிடம் வாங்கிய லஞ்சம், மாகாணங்களில் அடித்த கொள்ளை என்று கண்டுபிடித்துச் சொல்கிறார். பேத்தியின் காதிலிருந்து தாத்தாவின் கை வரைக்கும் போன அந்தக் கண் அதற்கு மேல் போகவில்லை. இத்தனைக்கும் சிப்பி கிடக்கும் ஆழ்கடலில் சுறாக்கள் கூடவே திரிவது அவருக்குத் தெரியும். அப்படி இருந்தும் பெண்கள் காதில் முத்து ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. சுறா பிரதிக்குள் வந்துவிட்டது. அதன் எதிரே மூச்சடக்கிக் கிடந்தவன் வரவில்லை.

அவன் வருவது வேறொரு பிரதியில். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து வந்துபோன கிரேக்க மொழி வணிகர் ஒருவர் எழுதியது 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்'. துறைமுகம், சரக்கு, காற்று இவ்வளவுதான் அவர் அக்கறை. குமரியைத் தாண்டிக் கொற்கைக்கு வரும்போது மூன்று தகவல் தருகிறார். இங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது. இது பாண்டியனுக்கு உரியது. குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள். அவ்வளவுதான். அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

நான் கேட்ட மேடைகளில் முதல் இரண்டு தகவல்கள் கணீரென்று ஒலித்திருக்கின்றன. மூன்றாவதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. என் ஐந்து பக்கத்திலும் அது இல்லை.

இதற்கு எதிராக வைக்க நம்மிடம் சாட்சி இல்லாமலில்லை. அகநானூற்றின் 350ஆம் பாட்டில், தாக்க வரும் சுறாவை விலக்கிவிட்டு வலம்புரிச் சங்கு குளித்த பரதவர் கரைக்குத் திரும்புகிறார்கள். சங்கு முழங்குகிறது. கொற்கையே ஆரவாரித்து எதிர்கொள்கிறது. இவர்கள் குற்றவாளிகள் அல்லர்; ஊர் கொண்டாடும் மனிதர்கள். அப்படியானால் வணிகர் சொன்னது பொய்யா?

சட்டென்று பொய் என்று தள்ளிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இரண்டு விதமாக இதை வாசிக்கலாம். எகிப்தின் பொற்சுரங்கங்களில் தண்டனைக் கைதிகளை இறக்கி வேலை வாங்கும் வழக்கம் ரோமானியருக்கு முன்பே, தாலமி அரசர் காலத்திலேயே இருந்தது. அதை அறிந்த ஒருவர், காவலுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து முங்குகிறவர்களைப் பார்த்தால், அல்லது கேள்விப்பட்டால், தன் ஊர்ச் சொல்லாலேயே அவர்களை அழைத்திருக்கக்கூடும். இது ஒரு வாசிப்பு.

இன்னொன்றுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பாட்டில் பரதவர் குளிப்பது சங்கு. அதே தொகையில் 130ஆம் பாட்டில் கொற்கைக் கரையில் முத்து குதிரைக் குளம்பில் இடறுகிற அளவுக்குக் கிடக்கிறது. 201ஆம் பாட்டில் துறையில் முத்தையும் வலம்புரியையும் சொரிந்து வழிபடுகிறார்கள். நான் பார்த்த இந்தப் பாட்டுகளில் முத்து தானாக ஒதுங்கின பொருள் மாதிரி வருகிறது. முத்துக்காக முங்குகிறவன் கண்ணில் படுவதில்லை. சங்கு பரதவர் தொழிலாகவும், முத்து அரசனின் தனியுரிமையாகவும் பிரிந்திருந்தால் இந்த மௌனத்துக்குப் பொருள் கிடைக்கிறது. பெரிப்ளூஸிலேயே இதற்கு ஒரு துணைச் செய்தி உண்டு. மேற்குக் கரையில் முசிறி, நெல்கிண்டா துறைகளிலிருந்து ஏற்றுமதியான சரக்குப் பட்டியலில் உயர்ந்த முத்து இருக்கிறது. அந்த நெல்கிண்டாவும் பாண்டியனுக்கு உரியது. முத்து எடுக்கும் கடலும் அவனது, முத்து ஏறும் துறையும் அவனது என்றால் இடையிலிருந்த உழைப்பு மட்டும் சுதந்திரமாக இருந்திருக்கும் என்று நம்ப நமக்கு என்ன ஆதாரம்? இது என் ஊகம்தான். மறுப்பவர்கள் எழுதலாம். ஆனால் மறுப்பதற்காவது அந்த மூன்றாவது தகவலை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் சென்னை மாகாண அரசு கடைசியாக நடத்திய சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தவை. அதில் குளித்தவர். பிறகு சங்குக்குப் போனார். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. பாரில் எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். காலில் கல்லைக் கட்டி இறங்கினால் காது முதலில் அடைக்கும், அப்புறம் உடையும், உடைந்தபிறகு தொந்தரவு இல்லை என்பார். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். அக்கா தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது ஒழுங்காக இழுப்பான் என்பதற்காக.

நான் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன்: "தாத்தா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே நம்ம முத்து ரோமாபுரிக்குப் போயிருக்கு. வெள்ளக்காரன் எழுதி வச்சிருக்கான்."

கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு இரண்டாம் முறை சொல்ல வைத்தார். பிறகு கேட்டார்: "சரிடே. அப்பம் குளிச்சவனுக்குப் பங்கு எவ்வளவுன்னு எழுதிருக்கானா?"

அவருடைய கேள்வியில் கிண்டல் எதுவும் இல்லை. தொழில்காரன் கேட்கிற சாதாரணக் கேள்வி. சலாபம் என்றாலே பங்குதான். பிரிட்டிஷ் ஆட்சிக் கால வழக்கப்படி கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அந்த ஒரு பங்கிலிருந்துதான் தோணிக்காரனுக்கும் கயிறு பிடித்தவனுக்கும் போக வேண்டும். அரசாங்கச் சிப்பி ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்குப் போகும். முத்து இருக்கிறதா என்பது சிப்பி அழுகி, நாறி, கழுவிய பிறகுதான் தெரியும். இந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் வெள்ளைக்கார அரசு வருமானத்துக்காக எழுதி வைத்தது. 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரும், அவருக்கு முன்னிருந்த போர்ச்சுகீசியரும் இந்தக் கடலைப் பார்த்தது இதே வருமானக் கண்ணால்தான். பாண்டியன் பார்த்தது மட்டும் வேறு கண்ணால் என்று எப்படிச் சொல்வது?

தாத்தாவிடம் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பெரிப்ளூஸை அப்போது படித்திருக்கவில்லை. படித்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால், பங்கு கிடையாது தாத்தா, அவர்கள் தண்டனைக்காரர்கள் என்று எழுதியிருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரு பானைக்குள் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. ரோமாபுரிப் பொன் இங்கே வந்தது உண்மை, மறுப்பதற்கில்லை. கொற்கையில் தமிழக அரசின் தொல்லியல் துறை 1968இல் தோண்டியது. கடல் இப்போது அங்கிருந்து சில கல் தூரம் விலகிப் போய்விட்டது. சுற்றிலும் வயல், வாழை. பழைய வன்னி மரத்தைக் காட்டுகிறார்கள். போகும்போதெல்லாம் எனக்கு லோலியா பவுலினாதான் ஞாபகத்துக்கு வருகிறாள். முத்து தன்னுடையதுதான் என்று காட்ட அவளிடம் ரசீது இருந்தது. அந்த ரசீதில் வாங்கியவர் பெயர் இருந்திருக்கும், விலை இருந்திருக்கும். நம்முடைய பொற்கால வரலாறும் இதுவரை அந்த ரசீதைத்தான் படியெடுத்துக்கொண்டிருக்கிறது. தாத்தா கேட்ட பத்தி அதில் இல்லை.