வீடுகளில் எலி ஒழிப்பு: அறிய வேண்டிய விதிகளும் பாதுகாப்பும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு உற்பத்தி நின்றுவிடும். பாத்திகளும் வரப்புகளும் நீரில் மூழ்கும்போது, வளைகளை இழந்த எலிகள் உலர்ந்த இடம் தேடிக் குடியிருப்புகளுக்குள் புகும். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் பரவும். ஆகவே எலி ஒழிப்பு இன்றியமையாதது. அது பாதுகாப்பான முறையில் நடைபெறுதல் அதனினும் இன்றியமையாதது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய குடும்பத்தின் இரு குழந்தைகள் உயிரிழந்தனர்.

சட்டம் கூறுவது என்ன?

பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968 மற்றும் பூச்சிக்கொல்லி விதிகள், 1971-இன்படி, வணிக முறையில் பூச்சி, எலி ஒழிப்புப் பணி மேற்கொள்வோர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமம் கோருவோர் வேளாண்மையிலோ, வேதியியலைப் பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்றிருப்பதுடன், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் முடித்திருத்தல் வேண்டும்.

நச்சுவாயுவை வெளியிடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. அவற்றைப் பொதுமக்களுக்கு விற்றல் கூடாது. 3 கிராம் மாத்திரைகள் 10 அல்லது 20 கொண்ட குழல் பொதிகள் 2001-இலேயே தடை செய்யப்பட்டன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துள்ளது.

நச்சுவாயு ஏன் ஆபத்தானது?

அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரத்துடன் சேர்ந்து பாஸ்பீன் வாயுவை வெளியிடுகிறது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி; மழைக்காலத்தில் சன்னல்களும் மூடியிருக்கும். ஆதலால் மாத்திரை எந்த மூலையில் இருப்பினும் வாயு அறை முழுவதும் பரவக்கூடும். வாடை தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று கருதலாகாது. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை. மனிதர் வசிக்கும் வீட்டினுள் இதனை வைக்க ஒருபோதும் இசைய வேண்டாம்.

பணியாளரை அனுமதிக்கும் முன்

• நிறுவனத்தின் உரிமத்தைக் காட்டுமாறு கேட்கவும்.
• மருந்தின் பெயர், வைக்கும் இடங்கள், வீட்டிற்குள் திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுத்தில் பெறவும்.
• பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தை ஏற்க வேண்டாம்.
• உணவு, குடிநீர், குழந்தைகள் உறங்கும் இடம் ஆகியவற்றின் அருகே மருந்து வைத்தல் கூடாது.
• இறந்த எலிகளைக் கையுறை அணிந்து எடுத்து ஆழப் புதைக்கவும். அருகிலுள்ள கழுவெளிப் பறவைகள் சரணாலயத்தின் பறவைகள் அவற்றை உண்ண நேரிடலாம்.

இயன்றவரை எலிப்பொறி, ஒட்டும் அட்டை, துளைகளை அடைத்தல் ஆகியவற்றையே முதலில் கையாளவும்.

நஞ்சு தாக்கினால்

வாந்தி, தலைவலி, மார்பு இறுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை பாஸ்பீன் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே அனைவரும் வெளிக்காற்றிற்கு வரவேண்டும். மாத்திரைகளின் மீது நீர் ஊற்றக் கூடாது. வாயு மேலும் பெருகும். நஞ்சை உட்கொண்டவரை வாந்தி எடுக்கத் தூண்ட வேண்டாம்.

மஞ்சள் பாஸ்பரஸை உட்கொண்டவர் முதலில் நலமாகத் தோன்றினாலும், சில நாட்களில் கல்லீரல் செயலிழக்கக்கூடும். எனவே அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவும். மருந்தின் உறை எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் உடன் எடுத்துச் செல்லவும்; எந்த நஞ்சு என்பதை அறிந்தால் சிகிச்சை விரைவாகும்.